நான்கு ஹவுஸ், இரண்டு பந்தி: கத்தோலிக்க விடுதிப் பள்ளிகள் பற்றிச் சில குறிப்புகள்

கத்தோலிக்க விடுதிப் பள்ளிகளைப் பற்றித் தமிழில் இரண்டு வகை எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று, பள்ளிகள் தங்கள் பொன்விழாவுக்கும் நூற்றாண்டுக்கும் போடுகிற மலர்கள். இன்னொன்று, அந்த விடுதிகளிலிருந்து வெளியே வந்த தலித்துகள் எழுதிய தன்வரலாறுகளும் நாவல்களும். மலர்களைப் புரட்டினால் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு ஹவுஸ், அணிவகுப்பு, சுழற்கேடயம், கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கேப்டன். தலித் எழுத்தைப் புரட்டினால் சோறு, தட்டு, வார்டன், வசவு, துடைப்பம். இரண்டும் ஒரே மாதிரிக் கட்டடங்களைப் பற்றியவை. ஒரே மணிக்கு எழுந்து ஒரே பூசை பார்த்தவர்கள் எழுதியவை. அப்படியிருக்க ஒருவருக்குக் கொடியும் மற்றவருக்குத் தட்டும் நினைவில் தங்கிப்போனது ஏன்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஹவுஸ் முறையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. விடுதியில் ஏழைப் பிள்ளைகளை, அதிலும் நம் பிள்ளைகளை, அவர்கள் தின்கிற சோற்றை வைத்தே ஒரு சிஸ்டர் இழிவுபடுத்துவது அதில் வருகிறது. பின்னால் பாமாவே துறவியாகி, வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் கான்வென்ட் பள்ளியில் வேலை செய்யப் போகிறார். அங்கே கூட்டுவது, கழுவுவது, கக்கூஸ் சுத்தம் செய்வது எல்லாம் தன் சனங்களாகவே இருப்பதைப் பார்க்கிறார். சேசு சபைக் குருவான மாற்கு எழுதிய ‘யாத்திரை’ 1993இல் வந்தது. திருச்சபைக்கு உள்ளேயே தலித்துகள் நடத்த வேண்டியிருக்கிற போராட்டம்தான் அதன் பொருள். ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. கத்தோலிக்கப் பள்ளியும் கல்லூரியும் வளர்த்தெடுத்த ஒரு தலித் இளைஞன், கடைசியில் சாதிச் சான்றிதழுக்காக இந்துவாக மாறுவதில் போய் அது நிற்கிறது. இந்த எழுத்துகளில் என் நினைவில் நிற்பவை சாப்பாட்டுக் கூடமும் அலுவலகமும் கோயிலும்தான். விளையாட்டுத் திடலும் கொடியும் இல்லை. நம் எழுத்தாளர்கள் ஹவுஸை மறந்துவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எது முக்கியம் என்பதை அவர்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

2

ஹவுஸ் என்றால் வீடு. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் அது நிஜமாகவே வீடாக இருந்தது. ஒரு கட்டடம், அதில் ஒரு ஆசிரியர் குடும்பத்தோடு இருப்பார், பல வயதுப் பையன்கள் அங்கேயே தூங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே உதை வாங்கி வளர்வார்கள். ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு இந்த வீடுகளையும் மூத்த மாணவர்களின் அதிகாரத்தையும் ஒழுக்கப் பயிற்சிக்கான கருவியாக மாற்றினார். அந்த வீடு ஒன்றும் புனிதமானதல்ல. சின்னப் பையன் பெரிய பையனுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். நம்மை ஆண்ட கலெக்டர்களில் பலர் அப்படிப்பட்ட வீடுகளில் எடுபிடியாக இருந்து, பிறகு எடுபிடி வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே ஹவுஸ் என்பது சோறும் படுக்கையும். கொடியும் கேடயமும் அதன்மேல் பிறகு ஏறியவை.

கத்தோலிக்கப் பள்ளிகளின் வழி வேறு. சேசு சபை 1599இல் வகுத்த கல்வித் திட்டத்தில் போட்டிக்குத் தனி இடம் இருந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு எதிரிணை. பத்துப் பேருக்கு ஒரு தலைவன். வகுப்பையே ரோமர், கார்த்தேஜியர் என்று இரண்டு பாசறையாகப் பிரித்து லத்தீன் இலக்கணத்தில் மோதவிடுவது. அதாவது பிரிப்பது பாடத்துக்காக. படுக்கையையும் சாப்பாட்டையும் அவர்கள் பெரும்பாலும் வயது வாரியாகவே பிரித்தார்கள். இங்கிலாந்திலேயே ஸ்டோனிஹர்ஸ்ட் என்கிற சேசு சபைப் பள்ளி மாணவர்களை இன்றும் ஆண்டு வாரியாகத்தான் பிரிக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது இவை இரண்டின் கலவை. ஆங்கிலேயரிடமிருந்து ஹவுஸ் என்ற பெயர். பழைய கத்தோலிக்கப் பள்ளிகளிடமிருந்து போட்டி. சேசு சபைப் பள்ளி என்றால் லொயோலா, சவேரியார், பிரிட்டோ, கொன்சாகா. சலேசிய சபைப் பள்ளி என்றால் போஸ்கோ, சாவியோ, ரூவா. கன்னியர் பள்ளிகளில் புனிதைகளின் பெயர்கள். பெயர் எதுவானாலும் ஹவுஸ் என்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடலில் கூடுகிற ஒரு அணி, சட்டையில் குத்துகிற ஒரு பட்டை. அதில் யாரும் தூங்குவதில்லை. யாரும் சாப்பிடுவதில்லை. சோறும் படுக்கையும் உருவப்பட்டு நிறம் மட்டும் மிஞ்சிய வீடு அது.

இந்த மாற்றம் சாதியை நினைத்துத் திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று நான் சொல்லவில்லை. பகல்நேரப் பள்ளிகள் உலகம் முழுக்க இப்படித்தான் ஹவுஸை எடுத்துக்கொண்டன. ஆனால் இந்த மண்ணில் அதன் விளைவு வேறாக இருந்தது. சாதி உட்கார்ந்திருக்கிற இடமே சோறும் படுக்கையும்தான்: யாரோடு உண்பது, யார் சமைத்ததை உண்பது, யார் பக்கத்தில் படுப்பது, யாருக்குப் பெண் கொடுப்பது. இதையெல்லாம் தொடாத ஒரு சமத்துவம் வேண்டுமென்றால் அதற்கு ஹவுஸ் முறையைவிட வசதியான ஏற்பாடு கிடைக்காது.

3

பிரிட்டோ ஹவுஸ் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஜான் டி பிரிட்டோ, நம் கிராமத்தார் சொல்லுகிற அருளானந்தர், லிஸ்பனில் பிறந்தவர். 1693இல் ஓரியூரில் வெட்டிக் கொல்லப்பட்டவர். 1947இல் புனிதராக அறிவிக்கப்பட்டவர். அவருடைய துணிச்சலில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் எந்த அமைப்புக்குள் வேலை செய்தார்? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, பரதவர்களிடையே வேலை செய்துகொண்டிருந்த மூத்த சேசு சபைக் குருவிடமிருந்து குடியிருப்பையும் சாப்பாட்டையும் பிரித்துக்கொண்டு பிராமண சந்நியாசியாக வாழத் தொடங்கினார். 1640 வாக்கில் மற்றச் சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவு உண்டானது. பிரிட்டோ ஒரு பண்டாரசாமி. சந்நியாசிக் குருவும் பண்டாரசாமிக் குருவும் ஒரே சபை, ஒரே வார்த்தைப்பாடு, ஒரே பூசை. ஆனால் ஊரறிய ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர், பறையர் வீட்டுக்குள் குருக்கள் போய்த்தான் ஆக வேண்டும் என்று நெருக்கியபோது, அவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் யோசனையைத்தான் சேசு சபையார் முன்வைத்தார்கள்.

ஆகவே தமிழ்நாட்டில் கத்தோலிக்கச் சபை நடத்திய முதல் ஹவுஸ் முறை இதுதான் என்று சொல்லலாம். அதில் சோறும் படுக்கையும் இருந்தன. அவை சாதிப்படி பிரிந்திருந்தன.

பிறகு கல்லிலும் சுண்ணாம்பிலும் அதையே கட்டினார்கள். புதுச்சேரி சம்பாக் கோயிலுக்குள் சாதிக் கிறித்தவரையும் பறையரையும் பிரித்த சுவர் 1745இல் இடிக்கப்பட்டு எழுந்த கலவரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயில் கால்சட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து போகிற இரண்டு மண்டபங்கள் உள்ளது. பீடம் ஒன்று, ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார். நடுவே இருந்த தடுப்பை 1910இல் கௌசானல் சாமியார் இடித்தார். அங்கே மறுபக்கம் நின்றவர்கள் தலித்துகள் அல்ல என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். நம்மைப் பிரிக்கும் சுவர்களுக்கு அத்தனை கட்டடக்கலை தேவைப்படவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே ஒரு சுவர். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டார்கள். அந்தக் கலவரம் துப்பாக்கிச் சூட்டில் போய் முடிந்தது.

இப்படிப்பட்ட ஒரு திருச்சபை, தன் பள்ளிக்கூடத்துக்குள் பதிவேட்டு வரிசையைப் பார்த்து ஒன்று சிவப்பு, இரண்டு நீலம், மூன்று பச்சை, நான்கு மஞ்சள் என்று பிள்ளைகளைப் பிரித்தது. யார் மகன், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. ஒரு சேரிப் பையனும் ஒரு மிராசுதார் மகனும் ஒரே நிறம். இதை நான் சின்ன விஷயம் என்று ஒதுக்க மாட்டேன். பிறப்பைப் பார்க்காமல் மனிதர்களைப் பிரிக்க முடியும், பிரித்த பிறகும் அவர்கள் ஒருவரையொருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஆட முடியும் என்பதை அது ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும் நிரூபித்துக்கொண்டிருந்தது. என் குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது. பதிவேட்டு வரிசைப்படி பிரிக்கத் தெரிந்தவர்கள், அந்த வரிசையைத் திடலோடு ஏன் நிறுத்திக்கொண்டார்கள்?

4

நான் படித்தது ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளி. பெயர் வேண்டாம், பெயர் போட்டால் விஷயம் அந்த ஒரு பள்ளியோடு முடிந்துபோகும். எழுபதுகளின் பிற்பாதி. அங்கே இரண்டு போர்டிங் இருந்தன. ஒன்று பணம் கட்டுகிற போர்டிங். இன்னொன்றுக்கு அதிகாரபூர்வமான பெயர் புனிதர் பெயரில் இருந்தது. எல்லாரும் சொன்னது ‘ஃப்ரீ போர்டிங்’. பணம் கட்டுகிற போர்டிங்கில் அரிசிச் சோறு, ஞாயிற்றுக்கிழமை கறி. ஃப்ரீ போர்டிங்கில் அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவை, மக்காச்சோள மாவுக் கஞ்சி, பால் பவுடர். ஃப்ரீ போர்டிங்கில் எல்லாரும் தலித்துகள் என்று சொல்ல முடியாது. இரண்டு மூன்று மீனவப் பையன்களும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். பணம் கட்டுகிற போர்டிங்கில் தலித் யாருமே இல்லை என்றுகூடச் சொல்ல முடியாது; ஒரு வாத்தியார் மகன் இருந்தான். இந்த விதிவிலக்குகள்தான் சபைக்குப் பெரிய பாதுகாப்பு. ‘சாதியெல்லாம் பார்க்கறதில்லப்பா, கட்ட முடிஞ்சவன் கட்டுறான், முடியாதவனுக்கு நாங்க போடுறோம்’ என்று எங்கள் வார்டன் சாமியார் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. சாதி தன் வேலையைக் கட்டண ரசீது மூலமாகச் செய்துகொண்டிருந்தது.

காலையில் ஐந்தரை மணிக்கு ஃப்ரீ போர்டிங்குக்கு வேலை. மாட்டுக்கொட்டகை, தோட்டம், வகுப்பறை கூட்டுவது, பொதுக் கக்கூஸ். எட்டரை மணிக்கு அசெம்பிளியில் நாங்கள் நிறங்களாகிவிடுவோம். நான் நீலம். கேப்டன் வந்து நகம் பார்ப்பான், ஷூ பார்ப்பான், வகுப்பறை சுத்தமாக இருந்தால் அந்த வகுப்பு லீடரின் ஹவுஸுக்குப் பாயிண்ட் விழும். அந்த வகுப்பறையைக் காலையில் கூட்டியவர்கள் நாங்கள். கூட்டியதற்குப் பாயிண்ட் கிடையாது. கூட்டியது ஃப்ரீ போர்டிங் கணக்கு; சுத்தம் ஹவுஸ் கணக்கு. என்னோடு இருந்த ஒருத்தன் ஒருநாள் பிரதரிடம் நேரடியாகவே கேட்டான்: “பிரதர், கக்கூஸ் கழுவுறதுக்கு எத்தன பாயிண்ட்டு?” பிரதர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அடிக்காமல் சிரித்ததே பெரிய விஷயம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

இங்கேதான் ஹவுஸ் முறையின் இயங்குமுறை தெரிகிறது. ஒரு நிறுவனம் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்பதில்தான் அதன் அதிகாரம் இருக்கிறது. ஓடினால் பாயிண்ட், பாடினால் பாயிண்ட், வரிசையாக நின்றால் பாயிண்ட். உடல் உழைப்பு அந்தக் கணக்குக்குள் வராது. உழைப்பு தானத்துக்கான கைம்மாறு. விளையாட்டு தகுதிக்கான சான்று. ஒரே பையன் ஒரே நாளில் இரண்டு கணக்கிலும் இருக்கிறான். ஒன்றில் அவன் கடன்காரன். இன்னொன்றில் சமமானவன். மலரில் அச்சாகிறது இரண்டாவது கணக்கு மட்டும்.

பதிவேடும் அப்படித்தான். அதே பதிவேட்டின் வரிசை எண்ணைப் பார்த்து எனக்கு நீலம் கொடுத்தார்கள். அதே வரியில் அடுத்த கட்டத்தில் மதம், சாதி எழுதியிருந்தார்கள். ஒரு கட்டம் சாதியை மறக்கிறது. பக்கத்துக் கட்டம் அதை இறுதிவரை நினைவில் வைத்துக்கொள்கிறது. 1950 ஆகஸ்டில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாக இருக்க முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. அரசாங்கத்தின் கணக்கில் நான் பிற்பட்டவன்; ஊரின் கணக்கில் சேரிக்காரன்; பள்ளியின் கணக்கில் நீலம். ‘சிலுவைராஜ் சரித்திரம்’ முடிகிற இடத்தின் கசப்பு இந்த மூன்று கணக்குகளும் மோதுகிற இடத்தில் வருகிற கசப்புதான்.

5

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை நான் பழைய மாணவர் கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். “நமக்குள்ள சாதி எங்கடா இருந்துச்சு? நீ ப்ளூ, நான் ப்ளூ, அவ்வளவுதான். நீங்கள்லாம் எழுத ஆரம்பிச்ச பிறகுதான் சாதி வருது.” சொல்லுகிறவன் கெட்டவன் இல்லை. நான் தொடர் ஓட்டத்தில் விழுந்து முட்டி பெயர்ந்தபோது என்னை முதுகில் சுமந்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனவன். அந்த முதுகை நான் மறுக்கவில்லை.

ஆனால் அவனும் நானும் ஒரே பங்கு. அவன் ஊர்த்தெரு, நான் சேரி. மே மாத விடுமுறைக்கு ஒரே பஸ்ஸில் வருவோம். வழியெல்லாம் ஹவுஸ் பாட்டு. எங்கள் ஊர் கைகாட்டி மரத்தடியில் இறங்கினால் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்பதாம் வகுப்பு விடுமுறையில் இறங்கும்போது சொன்னான்: “டேய், லீவுல வீட்டுப் பக்கம் வந்துடாதடா. அப்பா இருப்பாரு.” கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு சங்கடம் வந்துவிடக் கூடாதே என்கிற அக்கறையோடுதான் சொன்னான். ஜூன் மாதம் மறுபடி பஸ் ஏறியதும் நாங்கள் மறுபடி நீலமாகிவிட்டோம். ஹவுஸுக்கு வரலாம், வீட்டுக்கு வரக்கூடாது. இந்த ஒரு வாக்கியத்தில் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது.

நட்பு பொய்யா என்றால் இல்லை. அந்த நட்பு நிஜம். அது எந்த எல்லைக்குள் நிஜமாக இருக்க அனுமதிக்கப்பட்டது என்பதுதான் கேள்வி. எங்கள் நீல அணியில் இருந்த அறுபது எழுபது பேரில் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்ததாக நான் இதுவரை கேள்விப்படவில்லை. பள்ளியை நடத்திய சபைகளிலும் அதே கதைதான். 1991இல் புனேயில் கூடிய ஆயர் பேரவையில் பாப்பரசரின் தூதர் ஜார்ஜ் சூர், தென்னிந்தியக் கிறித்தவரில் 65 விழுக்காடு தலித்துகள், ஆனால் தலித் குருக்களின் பொறுப்பில் இருக்கிற பங்குகள் 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று ஆயர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். திடலில் நாலில் ஒரு பங்கு சரியாகப் பிரிக்கத் தெரிந்த கை, பீடத்தருகே வந்ததும் கணக்கு மறந்துபோனது.

கிறித்தவர்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அது நியாயமாகாது. தமிழ்நாட்டின் அரசியலையே புரட்டிப்போட்ட விடுதி ஒன்று சேரன்மாதேவியில் இருந்தது. வ.வே.சு. ஐயரின் குருகுலம். தேசபக்தி, தமிழ், உடற்பயிற்சி எல்லாவற்றிலும் பிள்ளைகள் சமம். சாப்பாட்டில் மட்டும் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனி இடம். 1925இல் காங்கிரசுக்குள் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டது ஒரே கேள்வி: ஏன் ஒரே பந்தி இல்லை? பாடத்திட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. ஒரு பள்ளியைச் சோதிக்க எங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

6

பெயர்ப் பலகைக்கும் உள்ளே விடுகிற ஆட்களுக்கும் இருக்கும் இந்த இடைவெளியை நான் இப்போது குடியிருக்கும் பகுதியில் தினமும் பார்க்கிறேன். இருப்பது மேற்கு மாம்பலத்தில். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தியாகராய நகர். பழைய நீள ஏரியைத் தூர்த்து 1920களில் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் உருவான பேட்டை. பேட்டையின் பெயரே பிட்டி தியாகராயர். பனகல் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை. எல்லாம் அந்தக் கட்சியோடும் அந்தக் காலத்து ஆட்சியோடும் சேர்ந்த பெயர்கள். இந்தப் பக்கம் மேற்கு மாம்பலத்தின் முக்கியமான கடைத்தெருவான ஆரிய கவுடா சாலைகூட நீலகிரியின் படகர் தலைவர் ஆரி கவுடரின் பெயர்தான் என்பது அங்கே காய்கறி வாங்குகிற பலருக்குத் தெரியாது. தெரு முனையில் பார்ப்பனரல்லாதார் இயக்கம். அதற்குப் பத்தடி உள்ளே வீட்டு கேட்டில் டு-லெட் பலகை: வெஜிடேரியன்ஸ் ஒன்லி. சில வருடங்களுக்கு முன்பு வரை பிராமின்ஸ் ஒன்லி என்று கூச்சமில்லாமலே எழுதியிருந்தது. இப்போது அதைச் சாப்பாட்டு மொழியில் எழுதுகிறார்கள்.

நான் வீடு தேடிய இரண்டு மாதங்களில் கேட்ட கேள்விகள் எல்லாம் ஒரே வரிசையில்தான் வந்தன. “சார் எங்க வேலை?” அதில் தேறிவிடுவேன். “எத்தன பேர்?” அதிலும் தேறிவிடுவேன். “நீங்க வெஜ்ஜா?” “பூர்வீகம் எந்தப் பக்கம்?” பெயரைச் சொன்னதும் முகம் மாறும். ஒரு மாமி ரொம்ப மரியாதையாகவே சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்கோ, எங்களவாளுக்குத்தான் குடுக்கறது வழக்கம்.” பார்ப்பனரல்லாத வீட்டுக்காரர்கள் இவ்வளவு மரியாதை காட்டவில்லை, “என்ன ஆளுங்க?” என்று நேராகவே கேட்டார்கள். கடைசியில் வீடு கொடுத்த ரயில்வே ஓய்வூதியர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வாசலில் சிலுவை மாட்டக் கூடாது. மாட்டவில்லை.

சொந்தப் புலம்பலாக இதைச் சொல்லவில்லை. ஹவுஸ் முறை பிள்ளைகளைச் சமூகத்துக்குத் தயார்ப்படுத்துகிறது என்று மலர்களில் எழுதுகிறார்கள். எந்தச் சமூகத்துக்கு? பிள்ளைகள் போய்ச் சேருகிற சமூகத்தில் வீடு என்பது சோறு, படுக்கை, சாதி. அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தராத பயிற்சி எதற்கான பயிற்சி? ஆண்டு முழுக்க நிறம் மாறாமல் ஒன்றாக நின்ற பிள்ளைகளில் ஒருவன் வீட்டுக்காரனாகிப் பலகை எழுதுகிறான். இன்னொருவன் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கிறான்.

7

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அமைச்சரே அதற்கு எதிராகப் பேசினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன், தன்னோடு படித்த பிள்ளைகளாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய சாதி வீட்டு வாசலுக்குள் அரிவாளோடு வந்தது.

பள்ளி தருகிற நிறம் சட்டையில். சாதி தருகிற நிறம் மணிக்கட்டில். வெள்ளிக்கிழமை ஹவுஸ் டிரில்லில் இரண்டும் ஒரே உடம்பில் நிற்கின்றன. சட்டை நிறம் மணிக்கட்டு நிறத்தை மறைக்கிறதா, கழுவுகிறதா? என் அனுபவத்தில் மறைக்கத்தான் செய்யும். சட்டையைச் சாயங்காலம் கழற்றிவிடுகிறோம்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி வேண்டாம் என்ற பரிந்துரையைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு: வகுப்பில் பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வைப்பது, மதிய உணவுக்கு ஒன்றிய அளவில் பொதுச் சமையலறை. இருக்கையும் அடுப்பும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊரே திரண்டு வந்ததை நினைத்துப் பார்த்தால் அடுப்பு ஏன் முக்கியம் என்பது புரியும்.

அதே 2024இல் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று மாணவர் குழு முறை வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள். ஆங்கிலோ இந்தியப் பள்ளிக்கும் கான்வென்டுக்கும் மட்டும் சொந்தமாக இருந்த ஹவுஸ் இப்போது சேரிப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளியில் கிடைக்கிறது. இதை நான் வரவேற்கிறேன். தலைமை தாங்க ஒரு வாய்ப்பு, ஒரு மேடை, ஒரு பேட்ஜ் என்பது நம் பிள்ளைகளுக்குச் சாதாரண விஷயமில்லை. ஆனால் திணைகள் வெறும் நிலக்காட்சிகள் அல்ல. இலக்கணப்படி ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், பறை, தொழில், மக்கள் உண்டு. குறிஞ்சிக்குக் குறவர், முல்லைக்கு ஆயர், நெய்தலுக்குப் பரதவர். தொழிலோடு மக்களை ஒட்டி வைத்த ஒரு பெயர்முறையைச் சமத்துவ அணிகளுக்கு வைக்கும்போது ஆசிரியர்கள் அதைப் பிள்ளைகளோடு பேச வேண்டும். பேசாமல் விட்டால், பிரிட்டோவின் பெயரை அவர் வாழ்ந்த பந்திப் பிரிவினையைச் சொல்லாமல் வைத்துக்கொண்ட தவறுதான் இங்கேயும் நடக்கும்.

8

ஹவுஸ் முறையை ஒழிக்க வேண்டும் என்பதல்ல என் வாதம். அதை அது தொடாத இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். பதிவேட்டு வரிசைப்படி அணி பிரிப்பவர்கள், அதே வரிசைப்படி சாப்பாட்டு மேசையையும் படுக்கையையும் பிரிக்கட்டும். கட்டணம் கட்டியவனுக்கும் கட்டாதவனுக்கும் ஒரே உலை, ஒரே குழம்பு. கக்கூஸ் கழுவுவதும் தோட்டவேலையும் எல்லா ஹவுஸுக்கும் முறைவைத்து வரட்டும்; அதற்குப் பாயிண்ட் போடட்டும், ஓட்டப் பந்தயத்துக்குப் போடுவதைவிட அதிகமாகவே போடட்டும். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டவர்கள் தங்கள் விடுதிகள் ஒவ்வொன்றிலும் யார் எங்கே சாப்பிடுகிறார்கள், யார் கழுவுகிறார்கள், வார்டனாக யார் நியமிக்கப்படுகிறார்கள் என்ற கணக்கை வெளியிடுவதில் என்ன தடை?

அவர்கள் வெளியிடும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இதழை வாசிக்கிறவர்களில் பாதிப்பேராவது ஏதோ ஒரு போர்டிங்கின் கோதுமைச் சோற்றில் வளர்ந்தவர்கள். கத்தோலிக்கப் போர்டிங்காக இருக்கலாம், சி.எஸ்.ஐ. விடுதியாக இருக்கலாம், அரசின் ஆதிதிராவிடர் நல விடுதியாக இருக்கலாம். மாணவத் தோழர்கள் இப்போதும் அங்கே இருக்கிறார்கள். உங்கள் சாப்பாட்டுக் கூடத்தின் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள், யார் பரிமாறினார்கள், யார் கடைசியாகச் சாப்பிட்டார்கள், தட்டை யார் கழுவினார்கள் என்று குறியுங்கள். எந்த ஹவுஸில் இருந்தீர்கள் என்பதையும் ஒரு மூலையில் எழுதுங்கள். எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். பள்ளி மலர்களில் இல்லாத பக்கங்களை நாம்தான் அச்சிட வேண்டியிருக்கிறது.